டாம்பரைத் திருகுவதற்கு முன்: பழைய நார்ட்டனின் உதறலும் நெளிவும்

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாத்தா விட்டுச்சென்ற 1935ஆம் ஆண்டு நார்ட்டன் 16எச் மோட்டார் சைக்கிளை அவர் மீண்டும் ஓடவைத்திருக்கிறார். திராட்டிலை விட்டு வேகம் குறையும்போது 60 கிலோமீட்டர் அளவில் ஹேண்டில் பார் இருபுறமும் படபடவென்று உதறுகிறது. 85ஐத் தாண்டினால், குறிப்பாகப் பக்கக் காற்று அடிக்கும்போது, வண்டி முழுவதுமே பாம்பு போல நெளிகிறது. ஹேண்டில் திரும்பும் கழுத்தில் உள்ள பேரிங்கான கோன் செட்டை மாற்றியாகிவிட்டது, பயன் இல்லை. ஹேண்டிலின் ஆட்டத்தை அடக்கும் ஸ்டீயரிங் டாம்பரை நன்றாக இறுக்கிக்கொள்ளும்படி ஒருவரும், நவீன ஹைட்ராலிக் டாம்பர் ஒன்றை வாங்கிப் பொருத்தும்படி இன்னொருவரும் சொல்லியிருக்கிறார்கள். எதைச் செய்வது என்று கேட்கிறார்.

தம்பி, இப்போதைக்கு இரண்டையும் செய்ய வேண்டாம். டாம்பர் என்பது வலிக்கு மாத்திரை போட்டுக்கொள்வது போன்றது. வலி அடங்கும், உள்ளே இருக்கும் புண் வளரும். அதைவிட முக்கியமான ஒன்று, நீங்கள் விவரித்திருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு கோளாறுகள். அவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் கோன் செட்டுக்குச் செலவழித்த பணம் வீணாகியிருக்கிறது.

ஹேண்டில் மட்டும் நொடிக்கு ஏறத்தாழ 6 முதல் 9 முறை வேகமாக ஆடுவதை நான் உதறல் என்று சொல்வேன். அதில் முன்சக்கரமும் ஃபோர்க்கும் கழுத்தைச் சுற்றி ஆடும். வண்டியின் உடல் பெரும்பாலும் நேராகவே போகும். வண்டி முழுவதும், பின்பக்கமும் சேர்ந்து, நொடிக்கு 2 முதல் 4 முறை மெதுவாகவும் அகலமாகவும் ஆடுவது நெளிவு. உதறலுக்குக் காரணத்தை முன்பக்கத்தில் தேடத் தொடங்கலாம். நெளிவுக்குப் பின்சக்கரம், வண்டியின் சட்டம் (ஃபிரேம்), பின்னால் ஏற்றியிருக்கும் சுமை ஆகியவற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒன்று இன்னொன்றைத் தூண்டிவிடுவதும் உண்டு என்பதால் இந்தப் பிரிவை இரும்புச் சுவராக நினைக்க வேண்டாம். ஆனால் தேடலைத் தொடங்கும் இடத்தை இதுதான் தீர்மானிக்கும்.

உதறல் ஏன் 60 கிலோமீட்டரில் வருகிறது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. உங்கள் வண்டியில் 26க்கு 3.25 என்று எழுதப்பட்ட டயர் இருக்கும் என்று நினைக்கிறேன். அது இன்றைய வழக்கில் 19 அங்குல ரிம்முக்கான 3.25 டயர். வெளிவிட்டம் சுமார் 660 மி.மீ.; ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஏறத்தாழ 2.07 மீட்டர் உருளும். 60 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 16.7 மீட்டர்; அப்படியானால் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 8 முறை சுற்றுகிறது. முன்பக்கம் இயல்பாகவே உதற விரும்பும் அளவும் அதுவே. ரிம் சற்று வளைந்திருந்தாலும், டயர் ஓரிடத்தில் கனமாக இருந்தாலும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தள்ளு கிடைக்கிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் அது எப்படி உயரப் போகிறதோ, அப்படியே உதறலும் பெருகுகிறது. 45இலும் 80இலும் அந்தத் தாளம் பொருந்தாததால் வண்டி அமைதியாக இருக்கிறது. எனவே உதறல் ஒரு குறுகிய வேக எல்லைக்குள் மட்டும் வந்து போகிறது என்றால், சக்கரத்திலும் டயரிலும்தான் முதல் கை வைக்க வேண்டும். கழுத்துப் பேரிங்குக்கு அடுத்த இடம்தான்.

ஆகவே ஒரு திருகைக்கூடத் தொடாமல், முதலில் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வேகத்தில் தொடங்குகிறது, எந்த வேகத்தில் நிற்கிறது, திராட்டில் திறந்திருக்கும்போதா மூடும்போதா, தனியாகப் போகும்போதா சுமையோடு போகும்போதா, நேர்ச்சாலையிலா வளைவிலா என்பதை எழுதுங்கள். நம் தென்னாப்பிரிக்காவில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். பழைய சாலைகளின் நடுப்பகுதி மேடாகவும் ஓரம் சரிவாகவும் இருப்பதால், எல்லாம் சரியாக உள்ள வண்டிகூட இடப்பக்கம் இழுப்பது போலத் தோன்றும். அந்த இழுப்பைக் கோளாறாக எண்ணி ஃபோர்க்கை வளைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சமதளமான, வெறிச்சோடிய இடத்தில் சோதித்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

டயரிலிருந்து தொடங்குவோம். பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள். பழைய வண்டி ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்பதால் பட்டன் தேயாது, பார்க்கப் புதிதாகவே இருக்கும். ஆனால் ரப்பர் இறுகிப்போயிருக்கும். பத்து ஆண்டுகள் கடந்த டயரை, அதன் தோற்றம் எப்படியிருந்தாலும், கழற்றி எறியுங்கள். அடுத்து, டயர் ரிம்மில் ஒரே சீராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ரிம்முக்கு அருகே டயரில் ஒரு மெல்லிய கோடு வார்க்கப்பட்டிருக்கும். அதற்கும் ரிம்மின் விளிம்புக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே புதைந்திருந்தால், காற்றை இறக்கி, விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி அடைத்தால் பெரும்பாலும் ஏறி உட்கார்ந்துவிடும். டயரைப் பிடித்துக்கொள்ளும் செக்யூரிட்டி போல்ட் ரிம்மில் இருந்தால், அதன் எடைக்கு எதிர்ப்பக்கத்தில் ஈடுகட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். நெடுக்காக வரிகள் ஓடும் பழைய பாணி முன்டயர் சாலையில் உள்ள நெடுக்குக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு அலையும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த அலைச்சல் ஆபத்தானதல்ல. உதறலோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

காற்றழுத்தத்தைப் பற்றி ஒரு சிறு விலகல். நீங்கள் டர்பன்–ஜோகன்னஸ்பர்க் ஓட்டத்தில் கலந்துகொள்ள விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். 1913 முதல் 1936 வரை நடந்த அந்தப் பழைய பந்தயத்தின் நினைவாக நடக்கும் இந்த ஓட்டத்தில் 1936ஆம் ஆண்டு வரை தயாரான வண்டிகளுக்கே இடம் உண்டு. உங்கள் நார்ட்டனுக்கு அந்தத் தகுதி இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்துக்கு ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் டர்பனில் சரியாக அடைத்த டயர், அதே வெப்பநிலையில், ஜோகன்னஸ்பர்க்கில் கேஜில் ஏறத்தாழ 0.18 பார் கூடுதலாகக் காட்டும். தனியாக ஓட்டும் இத்தகைய வண்டிக்கு முன்னால் 1.5 பார், பின்னால் 1.8 பார் அளவில் தொடங்கி, கையேட்டோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ளலாம். இரண்டாம் நாள் காலையில் குளிர்ந்த டயரில் மறுபடி அளந்து பாருங்கள். மிகையாக அடைத்த முன்டயர் மேடுபள்ளங்களில் துள்ளும். குறைவாக அடைத்த பின்டயர் நெளிவை வளர்க்கும்.

இனி சக்கரம். எஞ்சினுக்கு அடியில் உறுதியான மரப்பெட்டி ஒன்றை வைத்து முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ரிம்முக்கு அருகில் ஒரு பென்சிலை ஃபோர்க்கோடு கட்டிவிட்டுச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால், ரிம் எவ்வளவு பக்கவாட்டில் ஓடுகிறது, எவ்வளவு மேலும் கீழும் ஓடுகிறது என்பது தெரியும். இரண்டிலும் 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஸ்போக்குகளை ஒரு சிறு ஸ்பானரால் தட்டிக்கொண்டே வாருங்கள்; இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாகச் சத்தமிடும். கடற்காற்று வீசும் ஊர்களில் ஸ்போக்கை இறுக்கும் நட்டுகளான நிப்பிள்கள் உள்ளேயே துருப்பிடித்துப் பிடித்துக்கொள்வதால், திருகினால் ஸ்போக் முறுகுமே தவிர இறுகாது. அப்படி இருந்தால் புதிய ஸ்போக்குகளோடு சக்கரத்தை மறுபடி கட்டுவதே வழி. சக்கரத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பிடித்து அசைத்தால் பேரிங்கின் தளர்வு தெரியும். பின்சக்கரத்திலும் இதையே செய்யுங்கள்.

இப்போது நான் நிறைய இடம் கொடுத்துப் பேச விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு சக்கரங்களும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா? உதறலுக்காகக் கோன் செட்டை மாற்றியவர்களில் பலர் இதை அளந்து பார்த்ததே இல்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். என்னிடம் உள்ள பி.எஸ்.ஏ. எம்20 ஒருமுறை கேட்டோ ரிட்ஜிலிருந்து பழைய சாலையில் திரும்பும்போது, இஞ்சாங்கா இறக்கத்தில் திராட்டிலை மூடிய மறுகணமே கையை உதறிவிடும் அளவுக்கு ஆடியது. ட்ரம்மண்டில் நிறுத்திவிட்டு வண்டியை பக்கி எனும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு பட்டறையில் கோன் செட்டை இருமுறை மாற்றினார்கள், ஃபோர்க் புஷ்களையும் மாற்றினார்கள். உதறல் சற்றுக் குறைந்ததே ஒழிய நிற்கவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை, நீண்ட நேரான இரண்டு மரச்சட்டங்களை வைத்து அளந்தபோதுதான் பின்சக்கரம் நடுக்கோட்டிலிருந்து 8 மி.மீ. வலப்பக்கம் தள்ளியிருப்பதைக் கண்டேன். எனக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் பின்ரிம்மைப் புதிதாகக் கட்டியபோது, ரிம்மை ஹப்புக்கு நடுவில் வருமாறு கட்டியிருக்கிறார்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில், ஒரு பக்கம் பிரேக் டிரம்மும் செயின் சக்கரமும் இருப்பதால், ரிம் ஹப்பின் நடுவிலிருந்து சில மி.மீ. ஒதுங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் அது வண்டியின் நடுக்கோட்டில் உட்காரும். சக்கரம் கட்டுபவருக்கு ஹப்பை மட்டும் கழற்றிக் கொடுத்தால், அவருக்கு இது எப்படித் தெரியும்? பழைய ரிம்மைப் பிரிப்பதற்கு முன்பே அந்த ஒதுக்கத்தை அளந்து எழுதிக் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு. சக்கரத்தை மறுபடி கட்டிய பிறகு, மிஞ்சியிருந்த சிறு நடுக்கமும் முன்டயரை மாற்றியதும் போய்விட்டது.

அளக்கும் முறை கடினமானதல்ல. வண்டியைச் செங்குத்தாக நிறுத்தி, ஹேண்டிலை நேராக வைத்து, இரண்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ள, வளையாத இரண்டு சட்டங்களைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பின்டயரின் இருபுறமும் ஒட்டிக் கட்டுங்கள். முன்னும் பின்னும் ஒரே அகல டயர்களாக இருந்தால் சட்டங்கள் முன்டயரின் இருபுறத்தையும் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் தொட வேண்டும். அகலம் வேறுபட்டால் இருபுறமும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். இரண்டு சக்கரங்களும் இணையாக இருந்து, ஒன்று மற்றொன்றிலிருந்து இரண்டு மி.மீ. ஒதுங்கியிருந்தால் வண்டி பொறுத்துக்கொள்ளும். ஆனால் பின்சக்கரம் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளாது. செயின் அட்ஜஸ்டரில் இருக்கும் குறிகளை நம்பாமல், இந்தச் சட்டங்களைக் கொண்டே பின்சக்கரத்தை நேராக்குங்கள். சக்கரங்கள் இணையாக இருந்தும் ஒதுக்கம் நீங்கவில்லை என்றால் ரிம் ஹப்பின் மேல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை ஆராய வேண்டும். பின்னாலிருந்து பார்க்கும்போது முன்சக்கரம் செங்குத்தாகவும் பின்சக்கரம் சாய்ந்தும் தெரிந்தால் வண்டியின் சட்டமோ ஃபோர்க்கோ முறுகியிருக்கிறது.

கோன் செட் புதியது என்கிறீர்கள். புதியது என்பதால் சரியாக இருக்கும் என்று பொருள் இல்லை. டாம்பரை முழுவதும் தளர்த்திவிட்டு, முன்சக்கரம் தரையில் படாத நிலையில் ஹேண்டிலை நடுவில் வைத்து மெல்லத் தள்ளுங்கள். அது தன் எடையாலேயே எந்தப் பக்கமும் சாய வேண்டும். கிளட்ச், திராட்டில் கேபிள்கள் இழுத்துப் பிடிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் மட்டும் சொடுக்கென்று ஒரு பிடிப்பு தெரிந்தால் குண்டுகள் கிண்ணத்தில் பள்ளம் பதித்திருக்கின்றன. புதிய கிண்ணத்தைச் சாய்வாக அடித்து இறக்கினாலும் இந்தப் பிடிப்பு வரும். இறுக்கமான கழுத்து, மெதுவான வேகத்தில் வண்டியைக் குடித்தவர் போல அலைய வைக்கும், ஏனென்றால் நாம் அறியாமலேயே வண்டி தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் சிறு அசைவுகளை அது தடுத்துவிடுகிறது. தளர்ந்த கழுத்து பிரேக் பிடிக்கும்போது டக்கென்று ஒலி எழுப்பும், திராட்டிலை மூடும்போது உதறலைக் கிளப்பும். தனிக் குண்டுகள் உள்ள கிண்ணத்தில், நெருக்கமாக அடுக்கி, ஒரு குண்டுக்குரிய இடைவெளியை விட்டுவைப்பது வழக்கம். வேறு அளவுள்ள குண்டுகளைக் கலந்துவிட்டால் சுமையைச் சிலவே தாங்கும். மேல் நட்டை இறுக்கும்போது அமைப்பு மாறிவிடுவதால், இறுக்கிய பிறகு மறுபடி சோதிக்க மறக்காதீர்கள்.

அடுத்து உங்கள் வண்டியில் உள்ள கர்டர் ஃபோர்க், அதாவது லிங்க்குகளின் மேல் மேலும் கீழும் அசையும் பழைய பாணி ஃபோர்க். டெலிஸ்கோப்பிக் ஃபோர்க் மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். மூட்டுத் தண்டுகளான நான்கு ஸ்பிண்டில்கள், அவை ஓடும் உறைகளான புஷ்கள், அவற்றை இணைக்கும் பக்க லிங்க்குகள் ஆகியவற்றில் எங்கே தேய்மானம் இருந்தாலும் அது முன்சக்கரத்தில் பல மடங்காகப் பெருகித் தெரியும், ஏனென்றால் மேல், கீழ் ஸ்பிண்டில்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிட அவற்றிலிருந்து ஆக்சில் வரை உள்ள தூரம் மிக அதிகம். முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து, ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளும்போது, உங்கள் மகனோ நண்பரோ ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்து உணர வேண்டும். கழுத்தில் அசைவா, மேல் ஸ்பிண்டிலிலா, கீழ் ஸ்பிண்டிலிலா என்பது விரலுக்குத் தெளிவாகத் தெரியும். கண்ணால் பார்த்தால் எல்லாமே கழுத்தில் ஆடுவது போலத்தான் தோன்றும். உங்கள் கோன் செட் வீணாக மாற்றப்பட்டதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

பக்கவாட்டுத் தளர்வைச் சரிசெய்ய, ஸ்பிண்டிலின் பூட்டு நட்டுகளைத் தளர்த்தி, ஸ்பிண்டிலைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். விளிம்பில் வரிவரியாக வெட்டப்பட்ட வட்டமான வாஷர்கள் இருந்தால் அவையே உங்கள் அளவுகோல்: விரலால் திருப்பினால் சற்றுச் சிரமத்தோடு திரும்ப வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. புஷ்களே தேய்ந்து வட்டம் நீள்வட்டமாகியிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் பலன் கிடைக்காது. புதிய புஷ்களை அடித்து, ஸ்பிண்டிலுக்கு ஏற்பத் துளையைச் சீராக்க ரீமர் போட வேண்டும். கிரீஸ் நிப்பிள்கள் எல்லாவற்றிலும் கிரீஸ் உள்ளே போகிறதா, பழைய கிரீஸ் இறுகி வழி அடைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். உலர்ந்த ஸ்பிண்டில் ஒரு பருவத்திலேயே தேய்ந்துவிடும்.

ஃபோர்க்கின் மேலும் கீழுமான அசைவைக் கட்டுப்படுத்தும் உராய்வு டாம்பரும், ஹேண்டிலின் திருப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்டீயரிங் டாம்பரும் வேறு வேறு. முன்னதை மிகையாக இறுக்கினால் ஸ்பிரிங் வேலை செய்யாமல் முன்சக்கரம் துள்ளும். முழுவதும் தளர்த்தினால் ஒவ்வொரு மேட்டுக்கும் இரண்டு மூன்று முறை குதிக்கும். பின்னதைச் சோதனை முழுவதும் தளர்வாகவே வைத்திருங்கள். அதை இறுக்கி ஓட்டினால் உதறல் மறையும். ஆனால் மெதுவான வேகத்தில் வண்டி அலையும், நீங்கள் சரிசெய்ததா இல்லையா என்பதும் தெரியாமல் போகும். சரளைச் சாலைக்கும் பக்கவண்டிக்கும் அது பயனுள்ள கருவி. நோயை மறைக்க உருவானதல்ல.

பக்கவண்டி என்றவுடன் ஒன்று நினைவுக்கு வருகிறது. உங்கள் தாத்தா எப்போதாவது இந்த வண்டியில் பக்கவண்டி மாட்டியிருந்தாரா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். கழுத்தின் சாய்வுக் கோடு தரையைத் தொடும் இடம், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கும். இந்தத் தூரத்தை டிரெயில் என்பார்கள். கடைகளில் உள்ள தள்ளுவண்டியின் சிறு சக்கரம் தள்ளும் திசையில் தானே திரும்பிக்கொள்வது இதனால்தான். வேகமாகத் தள்ளினால் படபடவென்று உதறுவதும் அதே சக்கரம்தான். பக்கவண்டிக்காக ஃபோர்க்கை மாற்றி அமைத்தவர்கள், திருப்புவது எளிதாக இருக்க டிரெயிலைக் குறைத்தார்கள். அதே ஃபோர்க் தனி வண்டியில் இருந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் நிலைத்தன்மை குறையும்.

உங்கள் 85 கிலோமீட்டர் நெளிவுக்கு, மேலே சொன்ன பின்சக்கரச் சோதனைகளோடு, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சட்டத்தோடு பிணைக்கும் தகடுகளின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பாருங்கள். பழைய சட்டங்களின் விறைப்பில் பெரும்பங்கு அவற்றால் வருகிறது. சட்டத்தின் குழாய்கள் கழுத்தில் இணையும் லக் அருகே பெயின்ட்டில் மெல்லிய விரிசலோ துருக்கோடோ தெரிந்தால் அன்றோடு ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். பின்சக்கரத்துக்கும் பின்னால் நீட்டிய ரேக்கில் கருவிப் பையைக் கட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பின்ஆக்சிலுக்கு அப்பால் தொங்கும் பத்துக் கிலோ, முன்சக்கரத்தின் பிடிப்பைத் தளர்த்தி நெளிவுக்கு வழி திறந்துவிடும். வேன் ரீனன் கணவாயில் காற்று பக்கத்திலிருந்து மோதும்போது அந்த வித்தியாசத்தை உடனே உணர்வீர்கள்.

சோதனை ஓட்டத்தை என்3 நெடுஞ்சாலையில் தொடங்க வேண்டாம். லாரிகள் அற்ற, முன்னும் பின்னும் நன்றாகத் தெரியும் சாலையில், அதிகாலையில், ஒரு மாற்றத்துக்கு ஒரு ஓட்டம் என்ற கணக்கில் போங்கள். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது குணமாக்கியது என்று தெரியாது. உதறல் வந்துவிட்டால் ஹேண்டிலை இறுகப் பிடிக்கவோ முன்பிரேக்கைப் பிடிக்கவோ கூடாது. இறுகிய கைகள் நம் உடல் எடையையும் அந்த ஆட்டத்தில் சேர்த்துவிடுகின்றன. முழங்கால்களால் டேங்கை அணைத்துக்கொண்டு, உடலை முன்னால் தாழ்த்தி, திராட்டிலைச் சட்டென்று மூடாமல் படிப்படியாகக் குறையுங்கள். கையை விட்டுவிட்டு உதறல் வருகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

டயர், ரிம், சக்கரங்களின் கோடு, கழுத்து, ஸ்பிண்டில்கள் ஆகிய எல்லாவற்றையும் பார்த்த பிறகும் 60இல் உதறல் நிற்கவில்லை என்றால், ஃபோர்க்கைக் கழற்றி ஒரு தடித்த கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து, ஆக்சில் முனையிலிருந்து எதிர்ப்பக்க மேல் ஸ்பிண்டில் துளை வரை இருபுறமும் குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவுகளும் ஒன்றாக இல்லையென்றால் ஃபோர்க் முறுகியிருக்கிறது. அதைச் சூடாக்கி நிமிர்த்த யாரையும் அனுமதிக்காமல், அந்த அளவுகளையும் உங்கள் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை டர்பனுக்கு வாருங்கள்; என் வண்டியின் ஃபோர்க்கை அளந்து சரிபார்த்த பலகை இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது.